நாற்பதைத் தாண்டினால் என்னென்ன மாறுகிறது?

போன வருஷம் ஒரு ராத்திரி மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுதான் எனக்கு அது தெரிந்தது. மும்பை செம்பூர் வீட்டு அடுப்படி, டியூப்லைட் வெளிச்சம். பி.பி. மாத்திரை அட்டையின் பின்பக்கம் காலாவதித் தேதி பார்க்க வேண்டும். கிட்டே கொண்டுவந்தால் எழுத்தெல்லாம் எறும்பு கலைந்த மாதிரி இருந்தது. கையைக் கொஞ்சம் நீட்டினேன், இன்னும் நீட்டினேன். முழங்கை முழுசாக நிமிர்ந்த இடத்தில் எழுத்து நின்றது. கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "உனக்கும் வெள்ளெழுத்து வந்தாச்சா?" என்றார். மறுநாள் மாதுங்காவில் கண்ணாடிக் கடைக்காரர் மராத்தியில் அதையே சொன்னார்: "சாளிஷி லாக்லி, தாயி."

சாளிஷி என்றால் மராத்தியில் நாற்பது வயசு. அந்த வயதில் போட்டுக்கொள்ளும் கண்ணாடிக்கும் அதுதான் பெயர். நம் பாட்டிமார் சொன்ன சாளேசரம் என்ற சொல்லும் அதே 'நாற்பது' வழி வந்ததுதான். வயசின் பெயரையே கண்ணுக்கு வைத்துவிட்டார்கள் என்றால், அது எவ்வளவு தவறாமல் வந்திருக்க வேண்டும்!

நடப்பது இவ்வளவுதான். கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகவும் கிட்டத்தில் பார்க்கும்போது குண்டாகவும் அது வடிவம் மாற்றிக்கொள்ளும். சின்ன வயதில் அது இளநீர் வழுக்கை மாதிரி நெகிழ்வாக இருக்கும். போகப் போகத் தேங்காய் முற்றுவது போல விறைத்துக்கொண்டே வரும். நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. இந்த விறைப்பு நாற்பதில் தொடங்குவதில்லை, பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்பது, நாற்பத்தைந்தில்தான் புத்தகம் பிடிக்கும் தூரம் வரை வந்து சேர்கிறது. அதனால்தான் ஒரே நாளில் வந்த மாதிரித் தோன்றுகிறது. அறுபது, அறுபத்தைந்தோடு பெரும்பாலும் நின்றும்விடும்.

நான் ஜூனியர் காலேஜில் உளவியல் நடத்துகிறேன். குழந்தை எப்போது தவழும், எப்போது பேசும் என்பதையெல்லாம் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள். நடுவயதுப் பாடம் வந்தால், "முப்பதுக்கு அப்புறம் எல்லாமே இறக்கம்தானே, மேடம்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு வகுப்பில் நாற்பது நிமிஷத்தில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாதுங்கா ஸ்டேஷன் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். நாலு தண்டவாளம். ஒன்றில் ஸ்லோ வண்டி நின்று ஆளை ஏற்றிக்கொண்டிருக்கும், பக்கத்தில் பாஸ்ட் நிற்காமல் பறக்கும். ஒன்று சிஎஸ்எம்டி டெர்மினஸ் பக்கம் போகும், ஒன்று கல்யாண் பக்கம் போகும். நடுவயதும் அப்படித்தான். ஒரே ஆளுக்குள் சில விஷயங்கள் வேகமாக இறங்குகின்றன, சில மெதுவாக இறங்குகின்றன, சில ஏறிக்கொண்டிருக்கின்றன. 'வயசாகிறது' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், எதற்கு வைத்தியம் வேண்டும், எதற்குப் பொறுமை போதும் என்பது தெரியாமல் போய்விடும்.

நடுவயது என்று ஒன்று தனியாகப் பேசப்படுவதே கொஞ்ச காலமாகத்தான். உலா இலக்கியத்தில் பெண்ணுக்கு ஏழு பருவம் சொல்லியிருக்கிறார்கள். பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும். பேரிளம்பெண்ணின் வயது 32 முதல் 40. அதற்கு அப்பால் பட்டியலில் இடமே இல்லை. 1951-இல் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு. பிறந்த குழந்தைகள் ஏராளமாக இறந்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்ததால்தான் அது அவ்வளவு குறைவு என்றாலும், நாற்பது என்பது அப்போது பெரிய வயதுதான். இன்று சராசரி 70-ஐத் தொட்டுவிட்டது. நாற்பதிலிருந்து அறுபது, அறுபத்தைந்து வரை ஒரு முழுப் பருவம் நமக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

உடம்பு

எலும்பின் அடர்த்தி முப்பது வயதையொட்டி உச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிற கணக்குதான். தசையும் முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைந்துகொண்டே வருகிறது. அறுபதுக்கு மேல் இந்த வேகம் கூடும். குர்லாவில் ஹார்பர் வண்டியிலிருந்து இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாறும்போது, பாலத்துப் படியில் முன்பு ஓடியவர்கள் இப்போது கைப்பிடியைத் தேடுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். ஆனால் தசை எந்த வயதிலும் பயிற்சிக்குப் பதில் சொல்லும். எழுபது, எண்பது வயதுக்காரர்கள்கூட எடை தூக்கிப் பழகிப் பலம் கூட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமான நடை, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஆட்கள் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரண்டாவது பாதியும் முக்கியம்.

தொப்பை விஷயத்தில் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒன்று தவறு என்று தெரியவந்திருக்கிறது. "நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் குறைந்துவிடும், காற்றைக் குடித்தாலும் உடம்பு போடும்" என்போம். 2021-இல் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்த முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயதுக்காரர் வரை அதில் உண்டு. உடம்பின் அளவைக் கழித்துக் கணக்கிட்டால், 20 வயதிலிருந்து 60 வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. அறுபதுக்கு மேல்தான் குறையத் தொடங்குகிறது. அப்படியானால் இடுப்புச் சுற்றளவு கூடுவதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அசைவு குறைந்திருக்கும், தூக்கம் குறைந்திருக்கும், தசை போன இடத்தில் கொழுப்பு வந்திருக்கும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80-ஐயும் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். நமக்குச் சுகர் மற்ற நாட்டவரைவிடச் சீக்கிரமே வருவதால் இந்த அளவுகள் கொஞ்சம் கறாராகவே இருக்கின்றன.

மாதவிடாய் நிற்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. தொடர்ந்து 12 மாதம் தீட்டு வரவில்லை என்றால் நின்றுவிட்டது என்று கணக்கு. மேலை நாடுகளில் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு அது முன்னாலேயே, 46, 47-இல் வந்துவிடுகிறது. ஆனால் நிற்கும் நாளைவிட, அதற்கு முந்தைய சில வருஷங்கள்தான் படுத்தி எடுக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறையாமல், ஏறி இறங்கித் தடுமாறிக் குறையும். மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதி அதனால் குழம்புகிறது. கொஞ்சம் சூடு கூடினாலும் 'உடனே குளிர்வி' என்று உத்தரவு போடுகிறது. ரத்தக் குழாய் விரிந்து, முகமும் கழுத்தும் திகுதிகுவென்று எரிந்து, வேர்வை கொட்டுகிறது. ராத்திரி இது இரண்டு மூன்று தடவை நடந்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் மறுநாள் எரிச்சல், மறதி எல்லாம் வரும்.

ஜனவரி மாதக் காலை ஒன்றில், லேடீஸ் பெட்டியில் என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இப்படி ஆனது. மற்றவர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, ஐம்பத்தைந்து வயது இருக்கக்கூடிய இன்னொரு அம்மா ஒன்றும் கேட்காமல் எழுந்து இடத்தைக் கொடுத்தார். அவர் உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "நாற்பது வயதில் நாய்க்குணம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்தச் சொலவடையை நான் வீட்டில் விட்டுவிட்டேன். மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காத ஒருவரின் கோபத்தைக் குணம் என்று சொல்வது நியாயமே இல்லை. தொந்தரவு அதிகமாக இருந்தால் அதற்கு மருந்து உண்டு, மகப்பேறு மருத்துவரிடம் கேட்கலாம். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்வதும் இந்த வருஷங்களில்தான், அதனால் கால்சியம், வைட்டமின் டி பற்றியும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

ஆண்களுக்கு இப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று மெதுவாக இறங்குகிறது.

மூளை

இங்கேதான் அந்த மாணவரின் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது.

ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் 1940-களில் அறிவை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, முன்பின் பார்த்திராத புதிர் ஒன்றை அந்த நேரத்திலேயே அவிழ்க்கும் ஓட்டமான அறிவு. இன்னொன்று, வருஷக்கணக்கில் சேர்ந்து கெட்டிப்பட்ட அறிவு: சொல்வளம், தொழில் நுணுக்கம், ஆளை எடைபோடும் பழக்கம். முதலாவது இருபதுகளிலேயே உச்சம் தொட்டு மெல்ல இறங்கும். இரண்டாவது அறுபது வரைகூட ஏறிக்கொண்டிருக்கும். புது போனில் பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிப்பதை நாம் பத்து நிமிஷம் தடவுகிறோம். ஆனால் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படித்து, எந்த வரியில் வில்லங்கம் இருக்கிறது என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே நாளில் உட்காரவைத்துச் சோதித்தால் ஒரு சிக்கல் உண்டு. அறுபது வயதுக்காரர் குறைவாக வாங்குவது வயசினாலா, அவர் படித்த காலத்துப் பள்ளிக்கூடத்தினாலா என்று பிரிக்க முடியாது. இதற்காகத்தான் வார்னர் ஷாய் 1956-இல் சியாட்டிலில் ஓர் ஆய்வைத் தொடங்கி, அதே ஆட்களை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தார். ஆறு திறன்களைப் பார்த்ததில் நான்கு நடுவயதில்தான் உச்சத்தில் இருந்தன: சொல்லறிவு, சொற்களை நினைவில் வைத்தல், தர்க்கமாக யோசித்தல், இடத்தையும் திசையையும் மனசுக்குள் திருப்பிப் பார்த்தல். எண் கணக்கும், கண்ணில் பட்டதைச் சட்டென்று பிடிக்கும் வேகமும் மட்டும் முன்னாலேயே குறையத் தொடங்கின.

எனக்கு ரொம்பப் பிடித்தது தட்டச்சு ஆய்வு. மும்பைத் தமிழர்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. இங்கே எத்தனை குடும்பங்களில் தாத்தாவோ பெரியப்பாவோ சுருக்கெழுத்தும் தட்டச்சும் பாஸ் பண்ணிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்து, கோட்டைப் பகுதி ஆபீசுகளில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவர்கள்! 1984-இல் டிமதி சால்ட்ஹவுஸ், 19 வயதிலிருந்து 72 வயது வரையிலான தட்டச்சர்கள் 74 பேரைச் சோதித்தார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்பது போன்ற சோதனையில், வயதானவர்களின் கை தாமதமாகத்தான் போனது. அப்படியானால் தட்டச்சிலும் தாமதம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. ஏன் என்று பார்த்தார். அடுத்து வரும் எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துக்கொண்டே வந்தபோது, வயதானவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். விரல் ஓர் எழுத்தை அடிக்கும்போது அவர்கள் கண், இளையவர்களின் கண்ணைவிடப் பல எழுத்துகள் முன்னால் போய்க்கொண்டிருந்தது என்று அதிலிருந்து தெரிந்தது. கையில் போன வேகத்தைக் கண்ணால் ஈடுகட்டியிருக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அனுபவம் தானே கண்டுபிடித்த வழி அது.

இதை நான் நேரில் பார்ப்பது மாதுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடையில். தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலி அக்கா ஒருவர் அங்கே மல்லிகை கட்டுகிறார். ஐம்பத்திரண்டு வயது. பக்கத்தில் மருமகளும் கட்டுகிறாள். மருமகளின் விரல்தான் வேகம், ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒரு முழம் முடிவது அக்காவுக்குத்தான் முதலில். உற்றுப் பார்த்தேன். மருமகள் ஒவ்வொரு தடவையும் கூடையைப் பார்த்து மொக்கு பொறுக்குகிறாள். அக்கா ஒரு முடிச்சு விழும்போதே இடது கையால் அடுத்த நாலு மொக்கைக் காம்பு ஒரே நீளமாக அடுக்கி வைத்துவிடுகிறார். கண் வாடிக்கையாளர் முகத்தில் இருக்கிறது. "கண்ணு மங்கிட்டே வருதுக்கா, கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன். "கெட்டுதது வெரலுல்லா தாயி, கண்ணு எதுக்கு?" என்றார். ஊசியில் நூல் கோத்து மாலை தொடுக்கும்போது மட்டும் ஊசியை மருமகளிடம் நீட்டுவாராம்.

சரி, பெயர் மறப்பது? ஒருவரைப் பார்த்ததும் அவர் எந்த பாங்கில் வேலை பார்த்தார், மகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார், எல்லாம் ஞாபகம் வருகிறது. பெயர் மட்டும் தொண்டைக்குழியில் நிற்கிறது. 'பாங்க் மானேஜர்' என்ற சொல்லுக்குப் பின்னால் பணம், கவுன்ட்டர், கடன் என்று நூறு நினைவுகள் இழுத்துக் கொடுக்க இருக்கின்றன. ஒருவரின் பெயருக்கு அப்படிப்பட்ட உறவுகள் இல்லை, முகத்தோடு ஒரே ஒரு மெல்லிய இழைதான். வயது ஏறும்போது அந்த இழை முதலில் தளர்கிறது. அரைமணி கழித்துக் குளிக்கும்போது பெயர் தானாக வந்துவிடும். மறந்தது அழியவில்லை, எடுக்கத்தான் நேரமாகிறது. மாதவிடாய் நிற்கும் வருஷங்களில் புதியதைக் கற்பதில் ஒரு சின்னத் தொய்வு இருப்பதாகவும், பிறகு அது சரியாகிவிடுவதாகவும் அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அந்த வருஷங்களில் "எனக்கு மூளையே போச்சு" என்று அழுத தோழிகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

வீடும் உறவும்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். டோரதி மில்லர் என்ற அமெரிக்கச் சமூகப் பணியாளர் 1981-இல் இதற்கு 'சாண்ட்விச் தலைமுறை' என்று பெயர் வைத்தார். ஒரு பக்கம் வயதான பெற்றோர், இன்னொரு பக்கம் இன்னும் காலூன்றாத பிள்ளைகள். நம் மத்தளம் இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். மும்பையில் இந்த இடி கொஞ்சம் கூடுதல். பெற்றோர் ஊரிலேயே இருப்பார்கள், அதிகாலையில் போன் அடித்தால் நெஞ்சு திக்கென்னும். இல்லை, இங்கே அழைத்துவந்து ஒரு ஹால், ஒரு பெட்ரூம் வீட்டுக்குள் வைத்திருப்போம். பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் பேசுவார்கள், பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான். நடுவில் இருக்கிறவர் பணத்துக்கும் மருந்துக்கும் மட்டுமல்ல, பேச்சுக்கும் பாலம்.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்தபோது, நடுவயதை ஏழாவதாக வைத்தார். இந்த வயதின் கேள்வி, 'எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நான் எதை வளர்த்துக் கொடுக்கிறேன்?' என்பது. பதில் கிடைக்காதவர்கள் தேங்கிப் போகிறார்கள் என்றார். பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் உள்ள கேள்வி என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 1932-இல் மாதுங்காவில் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கியவர்கள் செய்தது இதைத்தான். புது ஆளுக்கு வேலை பழக்கிக்கொடுக்கும் மேஸ்திரி செய்வதும் இதைத்தான்.

அமெரிக்க உளவியலாளர் பெர்னிஸ் நியூகார்ட்டன் கவனித்த ஒன்று என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. நடுவயதில் மனிதர்கள் காலத்தைக் கணக்கிடும் விதம் மாறுகிறது என்றார். பிறந்ததிலிருந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள், இனி எத்தனை வருஷம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்குகிறார்கள். நட்பு வட்டம் இந்த வயதில் சுருங்குவதும் இதனால்தான். சுருங்கினாலும் மிச்சமிருப்பவை ஆழமானவை.

நடுவயது நெருக்கடி என்ற சொல்லை 1965-இல் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் கொண்டுவந்தார். எல்லோருக்கும் வரும் என்று நினைத்துவிட்டோம். அமெரிக்காவில் கேட்டுப் பார்த்ததில் சுமார் நான்கில் ஒருவர்தான் தனக்கு வந்ததாகச் சொன்னார். அவர்களிலும் பலர் சொன்ன காரணம் வேலை போனது, மணமுறிவு, சாவு போன்றவை. அவை எந்த வயதிலும் வரக்கூடியவை.

வயசின் தலையில் போடக் கூடாதவை

படியேறினால் நெஞ்சில் அழுத்தம், அடிக்கடி தாகம், தீட்டு நின்று ஒரு வருஷத்துக்கு அப்புறம் ரத்தம் படுவது, மார்பில் கட்டி. இவற்றுக்கு 'வயசாச்சுல்ல' என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். மறதியிலும் வித்தியாசம் இருக்கிறது. சாவியை வைத்த இடம் மறப்பது வேறு, சாவி எதற்கு என்று புரியாமல் நிற்பது வேறு. தினமும் போகும் வழி தவறினால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12 குறைவு, மன அழுத்தம் இவையும் மறதி மாதிரி வேஷம் போடும், மருந்தில் சரியாகக்கூடியவை. தோளைத் தூக்க முடியாமல் இறுகிப் போவது நாற்பதிலிருந்து அறுபதுக்குள் அதிகம். சுகர் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம், அதனால் தோள்வலிக்குப் போகும்போது சுகரையும் பார்த்துவிடுங்கள்.

பூக்கடை அக்காவிடம் வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். கண்ணைச் சோதித்து வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை என்றேன். "பார்ப்போம் தாயி" என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்துப் போனபோது நூல் கட்டிய கண்ணாடி ஒன்று அவர் நெற்றிமேல் இருந்தது. மல்லிகை கட்டும்போது அது அங்கேயே இருந்தது. மாலைக்கு ஊசியை எடுத்ததும் கீழே இறக்கினார், ஒரே தடவையில் நூலைக் கோத்தார், மறுபடியும் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.